உறுமினால் மட்டும் போதுமா?

கடற்கரைக்கு எல்லோரும் காற்று வாங்கப் போவார்கள். தேங்காய்ப்பட்டணத்துக்கு நாங்கள் போன கார், போகிற வழியிலேயே காற்றுக்குத் திணறியது!

கார் என்றால் மாருதி 800. சித்தப்பா ஆசையாக வைத்திருந்தது. அந்த மாடல் தயாரிப்பை 2014-ல் நிறுத்தினார்கள். அதற்கு முந்தின வருஷமே சித்தப்பா போய்விட்டார். வாரிசான தம்பி, அந்த 796 சி.சி. இன்ஜினை இறக்கி, ஹெட்டைக் கடைந்து, கார்புரேட்டர் ஜெட்டை மாற்றினான். கடைசியில் கம்பெனி கொடுத்த ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டு, கூம்பு வடிவத்தில் ஒன்றை மாட்டினான். வண்டி சிங்கம் மாதிரி உறுமியது. அன்றிலிருந்து சித்தி அதில் ஏறுவதில்லை.

"ஒங்கப்பா ஓட்டும்போ வண்டிக்குள்ள பேசிக்கிட்டே போலாம் மக்ளே. இப்ப வண்டியில்லா நம்மள ஏசுது!"

பெரியம்மா வீட்டு விசேஷத்துக்கு நாகர்கோவிலிலிருந்து கிளம்பினோம். நாங்கள் காரில், சித்தி பஸ்ஸில். கருங்கல் தாண்டியதும் ஒரு பஸ் எங்களை முந்தியது. ஜன்னலில் சித்தி. கையை வேறு ஆட்டினாள்!

அழகான ஊர் சார். குழித்துறை வழியாக வரும் தாமிரபரணி (நெல்லைத் தாமிரபரணி வேறு, இது வேறு) இங்கேதான் அரபிக் கடலில் சேர்கிறது. அக்கரையில் இரையுமன்துறை. 'சாய்வு நாற்காலி'க்காக 1997-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கிய தோப்பில் முகமது மீரான் பிறந்த ஊரும் இதுதான். ஆனால் தென்னையையும் கடலையும் ரசிக்கிற நிலையிலா நாங்கள் இருந்தோம்? மீன்பிடித் துறைமுகம் உள்ள ஊராயிற்றே, படகு இன்ஜின் பார்க்கும் ஓர் ஆசான் கிடைத்தார்.

பானெட்டைத் திறந்தவர், "தம்பி, இந்தக் கூம்புப் பக்கம் கைய வச்சுப் பாரும்" என்றார். வைத்தேன். தோசைக் கல்!

"பழைய டப்பாவுக்கு ஒரு குழாய் உண்டுல்லா? அது வெளிக்காத்த எடுக்கும். இது இன்ஜின் விட்ட சூட்டையே திரும்பக் குடிக்குது. சத்தம் கூடும், சக்தி கூடாது."

பி.காம். படித்த மூளைக்கு இது கணக்காகத்தான் புரிந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் காற்று 60 டிகிரிக்குச் சூடானால், அதே அளவுக் காற்றில் சரக்கு நூற்றுக்கு ஒன்பது பங்கு குறைந்துவிடும். முழு விலை கொடுத்து எடை குறைந்த மூட்டை வாங்குகிற வியாபாரம்!

அதைவிடப் பெரிய நஷ்டம் உள்ளே இருந்தது. கூம்பின் வாய் பெரிசு, குழாய் சிறிசு. இடைவெளியைத் தம்பி சைக்கிள் டியூப் துண்டால் சுற்றி அடைத்திருந்தான். ஆசான் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவிக் காட்டினார். நறநறவென்று மணல்.

"இப்படியே ஓட்டினா சிலிண்டர் தேஞ்சு ஆயில் குடிக்க ஆரம்பிச்சிரும். அப்புறம் அப்பா வண்டின்னு சொல்லிக்கிட இன்ஜின் இருக்காது."

தம்பியின் முகம் செத்துவிட்டது.

ஆசான் குழாய்க்குச் சரியான அளவில் ரப்பர் ஹோஸ் தேடிப் பிடித்து, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கினார். கூம்பைச் சுத்தம் செய்தார். இன்ஜின் சூடு அண்டாமல் நடுவே ஒரு தகரச் சுவர். முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று வர ஒரு குழாய். கடல் சாரலும் மழைத் தண்ணீரும் ஏறாதபடி அதன் வாயைத் திருப்பி வைத்தார். மத்தியானம் முழுக்க ஓடிவிட்டது. விசேஷச் சாப்பாடு போச்சு!

ஸ்டார்ட் செய்தோம். உறுமல் இல்லை. தம்பிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சித்தி வந்து நின்றாள். காதைக் கொடுத்துக் கேட்டாள். ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

நாகர்கோவில் வரும்வரை பேசிக்கொண்டே வந்தாள். எல்லாம் சித்தப்பாவைப் பற்றித்தான். வழியில் ஒரு பஸ்ஸை முந்தினோம். மூன்று பேருமே அதைக் கவனிக்கவில்லை.