அப்பத்தாவுக்கு ஏசி, சித்தப்பாவுக்கு மைலேஜ்

எங்க பக்கம் யாராவது கார் வாங்கினால் "என்ன கலர்?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். "எவ்வளவு குடுக்குது?" என்பதுதான் முதல் கேள்வி. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அர்த்தம். பால்மாட்டுக்குக் கேட்கிற அதே கேள்வி! மாடு குடுப்பது தீவனத்தையும் தண்ணியையும் பொறுத்தது என்று நன்றாகத் தெரிந்தவர்கள்கூட, கார் என்று வந்துவிட்டால் மைலேஜ் அதன் பிறவிக்குணம் என்றே நினைக்கிறார்கள். குறைந்தால் வண்டி சரியில்லை, இல்லாவிட்டால் பெட்ரோல் பங்க் சரியில்லை.

எம்.ரெட்டியபட்டியைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமி. கரிசல் மண், சீமைக்கருவேல், மிச்சமெல்லாம் வெயில். எங்கள் வீட்டில் இருப்பது சித்தப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆல்ட்டோ 800. மாதம் ஒருமுறை அப்பத்தாவை மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வர வேண்டும். போக வர சுமார் 140 கி.மீ.

கோடையில் அந்தப் பயணத்தில் ஒரு தகராறு கட்டாயம் உண்டு. சித்தப்பா ஏசியைப் போட மாட்டார். "ஏசி போட்டா மைலேஜ் பாதியாப் போயிரும்டா" என்பார். ஆனால் நான்குவழிச் சாலை ஏறியதும் வண்டி நூறைத் தொடும். பின்சீட்டில் அப்பத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் செய்யலய்யா, நீ பாத்து ஓட்டு" என்று சொல்லும். அப்பத்தாவுக்கு வயது எழுபத்தெட்டு. வயதானவர்களுக்குத் தாகமும் சரியாகத் தெரியாது, வியர்வையும் குறைவு. அவர்கள் "ஒண்ணும் செய்யல" என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

நான் படிப்பது மெக்கானிக்கல். சரி, கணக்கு என்னதான் சொல்கிறது பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் கம்பெனி சொல்லும் மைலேஜ். 2012ல் ஆல்ட்டோ 800 வந்தபோது அறிவித்தது லிட்டருக்கு 22.74 கி.மீ. இது பொய் இல்லை. ஆனால் சோதனைக்கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி ஓட்டி எடுத்த அளவு. இந்தியச் சோதனை முறையில் மொத்தம் 1180 விநாடிதான் ஓட்டம். சராசரி வேகம் மணிக்கு 33 கி.மீ.க்கும் குறைவு. அதிகபட்சம் 90. ஏசி கிடையாது, எதிர்காற்று கிடையாது, குறுக்கே ஆட்டு மந்தை கிடையாது :-) அந்த எண்ணை மதுரை ரோட்டில் தேடினால் கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. 2025க்குள் நாடு முழுக்க பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது வந்துவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலக்காத பெட்ரோலோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு ஆறேழு சதவீத சக்தி இங்கேயே போய்விடுகிறது. இதற்கு வண்டியையும் திட்ட வேண்டாம், பங்க்காரரையும் திட்ட வேண்டாம்.

இப்போது வெயில். கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், வெயில் தனியாக மைலேஜைக் கெடுப்பதில்லை. சூடான காற்று லேசானது. 20 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி ஆறு சதவீதம் குறைவு. அந்த அளவுக்குக் காற்றுத் தடையும் குறைவு. இஞ்சினும் சீக்கிரம் சூடாகி, ஆயில் இளகி, சுலபமாக ஓடும். அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கில், மைனஸ் 7 டிகிரிக் குளிரில் நகரத்துக்குள் ஓடும் பெட்ரோல் கார் 15 சதவீதம் மைலேஜை இழக்கிறது. அந்தப் பஞ்சாயத்து நமக்கு இல்லை. நம் மார்கழிக் குளிர் இஞ்சினுக்குக் குளிரே இல்லை.

ஆக, வெயில் பெட்ரோல் குடிப்பது ஏசி வழியாகத்தான். சித்தப்பா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதுதான் விஷயம்.

ஏசி கம்ப்ரஸரை இஞ்சின்தான் சுற்ற வேண்டும். சின்னக் காரில் கடும் வெயிலில் அதற்குத் தோராயமாக 2 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் 40ல் உருட்டும்போது இந்தக் காரை நகர்த்தவே கிட்டத்தட்ட அவ்வளவு சக்திதான் தேவை. அங்கே ஏசி போட்டால் இஞ்சினுக்கு இரண்டு வண்டியை இழுக்கிற வேலை. சித்தப்பாவின் பயம் இங்கே நியாயம். ஆனால் 80ல் போகும்போது வண்டியை நகர்த்தவே சுமார் 7 கிலோவாட் வேண்டும். அதோடு 2 சேருவது பெரிய கூடுதல் இல்லை. அதிலும் ஜன்னலைத் திறந்துகொண்டு வேகமாகப் போனால் காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னால் இழுக்கும். ஏசியில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அங்கே போய்விடும். ஆகவே மெதுவான ஊர் ரோட்டில் ஜன்னல், வேகமான பெரிய ரோட்டில் ஏசி. நாங்கள் செய்துகொண்டிருந்தது இரண்டு இடத்திலும் ஜன்னல்!

அடுத்து வேகம். காற்றுத் தடை வேகத்தோடு நேராக ஏறாது, வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80லிருந்து 100க்குப் போனால் வேகம் 25 சதவீதம்தான் கூடுகிறது, காற்றுத் தடை 56 சதவீதம் கூடிவிடும். பெட்ரோலைச் சேமிக்கச் சொல்லி விளம்பரம் செய்யும் பி.சி.ஆர்.ஏ. வருஷக்கணக்காக 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் ஓட்டச் சொல்வது இதனால்தான். நான்குவழிச் சாலையில் 50ல் போனால் பின்னால் வரும் லாரிக்காரர் நம் குடும்பத்தையே விசாரிப்பார். அதனால் 80 என்று ஒரு சமாதானம்.

ஆடிக்காற்றையும் விட முடியாது. எங்க பக்கம் அது மேற்கேயிருந்து வரும். விருதுநகர் போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று. "போறப்ப போனது வர்றப்ப வந்துரும்" என்பார்கள். வராது! 60ல் போகிறீர்கள், காற்று 30 கி.மீ. வேகம். போகும்போது வண்டி சந்திக்கும் காற்று 90, வரும்போது 30. வர்க்கம் போட்டுப் பாருங்கள். தடை போகும்போது 2.25 மடங்கு, வரும்போது கால் மடங்கு. சராசரி 1.25. காற்றே இல்லாத நாளைவிட 25 சதவீதம் கூடுதல் தடை. ஆடி மாதத்தில் மைலேஜ் குறைந்தால் மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம்.

கடைசியாக ரோடு. கரிசல் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அதன் மேல் போட்ட தார் ரோடும் கூடவே அலை அலையாக நெளியும். அதனால் மிதி, பிரேக் பிடி, மறுபடி மிதி என்றே போக வேண்டியிருக்கிறது. 900 கிலோ எடையை 60 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 15 மில்லி பெட்ரோல் வேண்டும். பிரேக் பிடித்தால் அது சூடாக மாறிக் காற்றோடு போய்விடும். லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஒவ்வொரு தடவையும் ஒன்றரை ரூபாய். பள்ளமோ வேகத்தடையோ தூரத்தில் தெரிந்ததும் காலை எடுத்துவிட்டால் பாதிக் காசு கையில் நிற்கும். அதற்காக நியூட்ரலில் விட வேண்டாம். இன்றைய இஞ்செக்‌ஷன் வண்டிகளில் கியரிலேயே காலை எடுத்தால் பெட்ரோல் வருவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால் ஐடிலிங்குக்குக் குடிக்கும், வண்டியும் கைக்கு அடங்காது.

ஏட்டுக் கணக்கு போதும் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். சரி, இந்தக் கோடையில் மூன்று மதுரைப் பயணங்களுக்கு ஃபுல் டேங்க் போட்டு, திரும்பி வந்து அதே பங்க்கில் மறுபடி ஃபுல் டேங்க் போட்டுக் குறித்தேன். ஒவ்வொரு தடவையும் வண்டியில் மூன்று பேர்.

ஏப்ரல்: சித்தப்பா பாணி. ஜன்னல் திறந்து, நூறில். லிட்டருக்கு 16.

மே: நான்குவழிச் சாலையில் ஏசி போட்டு, 80ல். லிட்டருக்கு 18.

ஜூன்: ஏசி இல்லாமல், 80ல். அன்று பின்சீட்டில் அப்பத்தாவுக்குப் பதில் என் நண்பன். லிட்டருக்கு 20.

மூன்று பயணம் ஆராய்ச்சி ஆகாது, தெரியும். ஆனாலும் கணக்கோடு ஒத்துப்போகிறது. 140 கி.மீ.க்கு ஏப்ரலில் சுமார் 875 ரூபாய், மேயில் 780, ஜூனில் 700. ஏசியின் விலை 80 ரூபாய். மிதித்து ஓட்டுவதன் விலை அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஏசியைப் போட்டு மெதுவாகப் போனது, ஏசி இல்லாமல் விரட்டியதைவிட 95 ரூபாய் மிச்சம்!

நேரம்? எங்கள் வழியில் நான்குவழிச் சாலை போக வரச் சேர்த்து சுமார் 100 கி.மீ. நூறில் போனால் ஒரு மணி நேரம், 80ல் போனால் ஒன்றே கால். ஒரு நாள் முழுக்க கால் மணி நேரம்தான் வித்தியாசம். ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டுவிட்டுக் காத்திருப்பது அதைவிட எத்தனையோ மடங்கு.

சித்தப்பா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஜூலை மாதப் பயணத்தில் நான்குவழிச் சாலை ஏறியதும் அவரே கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டார். முள் 80லிருந்து 85க்குள் நின்றது. திருமங்கலமோ திண்டுக்கல்லோ, எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்களும் ஒரு நோட்டுப் போட்டுக் குறித்துப் பாருங்கள் நண்பர்களே. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முக்கியமாகப் பாருங்கள். அவர்களை வேகவைத்து மிச்சம் பிடிப்பதாக நினைக்கும் காசு, அநேகமாக ஆக்ஸிலேட்டரில் போய்க்கொண்டிருக்கும்.