புகை மேல் போட்ட பழி

பெரியம்மா வீட்டு அலுமாரியில் நான் பூசிக் கொடுத்த தங்க மெழுகு பச்சை பிடித்ததற்கு நானே காரணம். அடுப்புப் புகைதான் காரணம் என்று அவரிடம் சொன்னேன். அது பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன். அவர் அதை நம்பி, லயக் காம்பராவுக்குள் இருந்த அடுப்பை எடுத்து வாசல் இஸ்தோப்பின் ஓரத்தில் வைத்துவிட்டார். எங்கள் ஊரான ஓப்பநாயக்கவில் மழை இரண்டு பருவத்திலும் வரும். சாரல் அடிக்கும்போது ஒரு கையால் சாக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஈர விறகை ஊதிச் சமைக்கிறார். வயது எழுபதைத் தாண்டியவர்.

அந்த அலுமாரி தோட்டத் துரையின் பங்களாவிலிருந்து வந்தது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போன காலத்தில், துரை ஊருக்குப் புறப்படும்போது சமையற்கட்டில் இருந்த பெரியப்பாவின் தகப்பனாருக்கு விட்டுப்போனது. 1919இல் ஓப்பநாயக்க வரை நீண்ட களனிப் பள்ளத்தாக்குச் சின்ன ரயிலில் கொழும்பிலிருந்து ஏறி வந்த சாமான் என்று வீட்டில் சொல்வார்கள். பலா மரம். மேல் நெற்றியில் ஒரு முழ நீளத்துக்குக் கொடியும் பூவும் செதுக்கியிருக்கும். லயத்தில் அப்படி ஒரு பொருள் வேறு எவரிடமும் இல்லை. மகள் கல்யாணத்துக்கு முன் அதற்குப் புதுசாகப் பெயின்ட் அடித்து, பூவேலையில் மட்டும் கொஞ்சம் தங்கம் ஏற்றித் தரச் சொன்னார் பெரியம்மா. தளபாடத்துக்குப் பெயின்ட் அடிப்பதுதான் என் தொழில். கூலி வேண்டாம் என்றேன். கூலி வாங்காத வேலை என்பதால்தானோ என்னவோ, அதை அவசரமாகச் செய்தேன்.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் என் குற்றம் விளங்கும். கடையில் கோல்ட் வெக்ஸ் என்று சின்ன டப்பாவில் விற்பதில் தங்கம் கிடையாது. மெழுகோடு பித்தளைத் தூளையோ, மினுக்கும் அப்பிரகத் தூளையோ குழைத்திருப்பார்கள். விரல் நுனியில் கடுகளவு எடுத்து, முதலில் புறங்கையில் தேய்த்து மிச்சத்தைக் குறைத்துவிட்டு, செதுக்கலின் மேட்டை மட்டும் தொட வேண்டும். இதழின் விளிம்பு, கொடியின் முதுகு, அவ்வளவுதான். பள்ளத்தில் பெயின்டின் நிறம் இருட்டாக நின்றால்தான் மேடு பொன்னாகத் தெரியும். பிறகு சில நாள் காயவிட்டு, பருத்தித் துணியால் மெல்லத் தேய்த்து, மேலே செலாக் ஒரு கை பூச வேண்டும். மெழுகுக்கு மேல் தண்ணீரில் கரைக்கும் வார்னிஷ் பிடிக்காது, உரிந்துவிடும். செலாக் பிடிக்கும்.

நான் வாங்கியது பித்தளைத் தூள் கலந்தது, விலை குறைந்தது. பித்தளையில் செம்பு இருக்கிறது. மெழுகிலும் எண்ணெயிலும் உள்ள புளிப்பு, செம்போடு சேர்ந்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும். குத்துவிளக்கில் எண்ணெய் நின்ற இடம் பச்சையாவதைப் பார்க்காதவர் யார்? எங்கள் ஊர் ஈரத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். செலாக் பூசியிருந்தால் வெகுகாலம் தாங்கியிருக்கும். கல்யாணம் மறுநாள் என்று, காயாத மெழுகைத் துடைத்துப் பளபளக்க வைத்து, செலாக் பூசாமல் கொண்டுபோய் நிறுத்தினேன். பள்ளத்திலும் அப்பியிருந்தேன். சீக்கிரம் முடிந்தது.

பார்க்க வந்தவர்கள் தங்கமா என்று கேட்டார்கள். பெரியம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

பித்தளையைப் பொன்னாகக் காட்டும் இந்தத் தூளுக்குப் பெரிய வரலாறு உண்டு. உருக்குச் செய்யும் முறைக்குப் பெயர் தந்த ஹென்றி பெஸ்ஸமர், தன் சகோதரி வரைந்த பூப்படத் தொகுப்பின் அட்டையில் பொன்னெழுத்து எழுதப் போனபோதுதான் அந்தத் தூளின் விலையைக் கண்டு திடுக்கிட்டார். அப்போது அது கையால் செய்யப்பட்டு ஜெர்மனியிலிருந்து வந்தது. 1840களில் அவரே இயந்திரத்தில் அரைத்து மலிவாக்கினார். முறை வெளியே தெரியக்கூடாது என்று மைத்துனர்களை மட்டும் உள்ளே வைத்து வேலை வாங்கினார். அதில் வந்த பணத்தில்தான் அவருடைய பிற்கால ஆராய்ச்சிகள் நடந்தன. அந்தத் தூளைப் பூசுவதில் எனக்குக் கேவலம் எதுவும் தெரியவில்லை. ஏழை வீட்டுப் பலகையிலும் ஒரு மினுக்கம் இருக்க அது வழி செய்தது. இரத்தினபுரிக் கல் வியாபாரிகள் கெவுடாக் கல்லைச் சூடுகாட்டி நீலமாக்குகிறார்கள். சூடுகாட்டியதை வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டால் அது நேர்மையான வியாபாரம். நான் சொல்லவில்லை.

மழை தொடங்கிய பிறகு பெரியம்மா கூப்பிட்டு அனுப்பினார். “தம்பி, தங்கம்னா இப்படிப் பச்சையாகுமா?” என்று கேட்டார். குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பூவின் இதழ் நடுவில், நான் அதிகம் அப்பிய இடத்தில், பச்சை திட்டுத் திட்டாக நின்றது. விரலால் தடவினால் ஒட்டியது. பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. புகை படிந்தால் பழுப்பாகும், கருக்கும். இப்படிப் பச்சையாகாது. தொழிலில் கற்றுக்குட்டிக்கும் இது தெரியும். ஆனாலும் வாய் கூசாமல், “உள்ளுக்குள்ள அடுப்பு எரியுதே பெரியம்மா, புகை ஒத்துக்கல” என்றேன். “ஐயோ, நான்தான் கெடுத்துப்புட்டேனா?” என்றார். ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினேன்.

வேலை கெட்டதைவிட அந்தத் தலையாட்டல்தான் என்னை அரிக்கிறது. பிறந்ததிலிருந்து ரப்பர் மலையிலும் கொழுந்து மலையிலும் உழைத்து, காலமெல்லாம் அடுப்பு மூட்டி எங்களுக்கெல்லாம் சோறு போட்ட மனுஷி. அந்த அடுப்பையே குற்றவாளியாக்கி, அதைக் கட்டிய அவரையும் குற்றவாளியாக்கினேன். நல்ல வேலைக்காரன் என்று ஊரில் எனக்கு இருந்த பெயரைக் காப்பாற்ற, எதிர்த்துக் கேள்வி கேட்கத் தெரியாதவரைத் தேர்ந்தெடுத்தேன். வசதியுள்ள வாடிக்கையாளர் யாராவது கேட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டு, திரும்பச் செய்து கொடுத்திருப்பேன். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் மனசு ஆறவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன். முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும், வேலை அதற்குப் பிறகுதான். டர்பன்டைனில் துணியை நனைத்துச் செதுக்கலை இதழ் இதழாகத் துடைத்தால் மெழுகு கரைந்து வரும். பள்ளத்தில் உள்ளதைப் பழைய பல் பிரஷ்ஷால் எடுக்கலாம். பெயின்டைத் தொட்டுப் பூசி, அப்பிரகத் தூள் கலந்த மெழுகை மேட்டில் மட்டும் தடவி, காயும் வரை காத்திருந்து செலாக் போட வேண்டும். அடுப்பைத் திரும்ப உள்ளே வைத்துக் களிமண் பூசித் தர அவர் விடுவாரானால், அதையும் நானே செய்வேன்.