கேமராவும் அமானிதமும்



வெள்ளானூரில் எங்கள் மத்ரஸா மாணவர் ஒருவரின் சைக்கிள் களவுபோனபின், வாசலில் கேமரா பொருத்தினோம். காட்சிகள் தயாரிப்பாளரின் சர்வர் வழியாகவே கைபேசிக்கு வருகின்றன என அறிந்து மனம் கலங்கியது. பிள்ளைகளின் முகங்களும் பெற்றோர் ஒப்படைத்த அமானிதமல்லவா?

'தின்ஜினோ' என்னும் திறந்த மூல ஃபர்ம்வேரை ஏற்றலாம் என்றார் முன்னாள் மாணவர். அது இன்ஜெனிக் சிப் உள்ள கேமராக்களுக்கே பொருந்தும். பெட்டியில் அவ்விவரம் இல்லை. கழற்றிப் பார்த்தோம், வேறு சிப். விசாரித்து, டி31 சிப் உள்ள வேறொன்றை வாங்கி மாற்றினோம்.

இப்போது காட்சிகள் மத்ரஸாவை விட்டு வெளியேறுவதில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் முதல் பதிவிலேயே அண்டை வீட்டு முற்றம் தெரிந்தது. பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. அந்நியர் கண்ணுக்கு அஞ்சிய நான் என் கண்ணை மறந்திருந்தேன். கேமராவை வாசல் பக்கம் திருப்பினேன்.