பதுக்கவும் கொடுப்பினை வேண்டும்

2020 மார்ச்சில் லண்டன் சூப்பர்மார்க்கெட்டுகளில் பாஸ்தாவும் டொய்லெட் பேப்பரும் காணாமற்போனபோது, வெள்ளைக்காரனுக்கு எவ்வளவு பேராசை பார் என்று தலையிலடித்துக்கொண்டோம் (தள்ளுவண்டியில் நமது அரிசி மூட்டையும் இருந்தது, அது வேறு கதை). இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டச் சனமோ உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றும் என்று புகழ்வதும் இங்கே வழக்கம். அள்ளிக் கட்டுவதைக் குணத்தோடு முடிச்சுப் போடுவதே பிழை என்பேன். அது சம்பளத் திகதியோடு சேர்ந்த காரியம். இலங்கையில் நாடு முழுவதும் கொரோனா ஊரடங்கு தொடங்கியது மார்ச் 20, வெள்ளி மாலை 6 மணிக்கு. தோட்டத்தில் சம்பளம் வழமையாக 10ஆம் திகதியளவில். கைக்கு வந்த காசு போன மாதக் கடைக் கடனுக்குப் போய்விடும். 20ஆம் திகதிக்குள் கடைக்காரரின் கடன் கொப்பியில் புதுப் பக்கம் தொடங்கியிருக்கும்: அரிசி 2 கிலோ, மா 1 கிலோ, பருப்பு 250 கிராம்.

17ஆம் திகதியே ஜனாதிபதி பருப்பு கிலோ 65 ரூபா, டின்மீன் 100 ரூபா என்று அறிவித்தாரே என்று கேட்கலாம். நல்ல அறிவிப்புத்தான், காசோடு போகிறவனுக்கு. 10 கிலோ பருப்பு வாங்கினால் 650 ரூபா. அன்றைய அடிப்படை நாட்சம்பளமே 700. கடனுக்கு வாங்குகிறவள் அரசாங்க விலையைச் சொல்லிக் கடைக்காரரோடு வாதாட முடியுமா? வாங்கினாலும், 10க்கு 12 அடி லயத்துக் காம்பராவில் ஆளுக்கே இடமில்லை, மூட்டையை எங்கே வைப்பது? தோட்டமே அரிசி கொடுத்துச் சம்பளத்தில் பிடித்த காலத்தில்கூட மூட்டை இருந்தது ஸ்டோரில்தான்.

ஊரடங்கிலும் கொழுந்து பறிக்க விட்டார்களே, சம்பளம் நிற்கவில்லையே என்பது இன்னொரு வாதம். உண்மை. ஆனால் பல வீடுகள் தோட்டத்தில் பேர் போட்ட நாட்சம்பளக் காசில் மட்டும் ஓடுவதில்லை. கொழும்புக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் நின்ற பிள்ளைகள் அனுப்பும் காசும் சேர்ந்தால்தான் மாதம் தள்ளும். வேலைத்தலம் மூடப்பட்டு அவர்கள் லயத்துக்குத் திரும்பிய வீட்டில் அந்தக் காசு நின்றது, சோற்றுக் கோப்பை கூடியது. கடன் கொப்பியைச் சுரண்டல் என்று திட்டுகிறோம். விலையைக் கூட்டி எழுதும் கடைக்காரரும் உண்டு, மறுக்கவில்லை. இருந்தாலும், கையில் காசில்லாத அந்த வெள்ளிக்கிழமை 2 கிலோ அரிசிக்கு எந்த சூப்பர்மார்க்கெட் பேரெழுதியிருக்கும்?