வேனில் ஆறடி இடம்!

நம்ம ஆள் ஊருக்குக் கிளம்பினால் வீட்டில் மிச்சம் இருப்பது சுவரும் கேஸ் ஸ்டவ்வும்தான். இப்போது அதுவும் இல்லை. கேம்பர் வேன் என்று ஒன்று வந்த பிறகு ஸ்டவ்வும் கூடவே கிளம்பிவிடுகிறது. வீட்டுக்குக் காவல் சுவர் மட்டும்தான்!

கேம்பர் வேன் என்றால் பெரிசாக ஒன்றுமில்லை ஸார். வேனுக்குள்ளேயே படுக்கை, நாலு அலமாரி, பின்கதவைத் திறந்தால் சமையல் மேடை. ஜெர்மனியில் 1950-களிலேயே ஃபோக்ஸ்வேகன் வேனுக்குள் இந்த வேலையைப் பண்ணிவிட்டார்கள். பக்கத்துக் கேரளத்தில் 2021-ல் அரசாங்கமே கேரவன் சுற்றுலாவுக்குத் திட்டம் போட்டது. நம்ம ஊரிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. ரூம் தேட வேண்டாம், செக்-அவுட் டைம் என்று யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். சனி, ஞாயிறு லீவுக்கு ஆபீஸ் பையன்கள் கிளம்பக் கேட்கவா வேண்டும்?

நாங்கள் நாலு பேர் சென்னையிலிருந்து கிளம்பியது கொல்லிமலைக்கு. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் தாண்டிப் போனால் அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். எழுபது! சமதரையில் கேம்பர் வேன் ஒரு வீடு. கொண்டை ஊசியில் அதே வேன் ஒரு மிக்ஸி. உள்ளே போட்டது தேங்காயா, நாமா என்று அது பார்க்காது.

நல்லவேளையாக, மலைக்கு முன்னால் வருகிற ஊர் நாமக்கல். சாமான் ஏற்றுவது எப்படி என்று தமிழ்நாட்டில் யாருக்காவது பாடம் எடுக்கத் தகுதி இருந்தால் அது இந்த ஊருக்குத்தான். லாரிக்கு பாடி கட்டுகிற ஊர்; லோடு லோடாக முட்டை அனுப்புகிற ஊர். ஒன்று கனம், இன்னொன்று தொட்டால் உடையும். இரண்டையும் சேதமில்லாமல் கொண்டுபோகத் தெரிந்தவர்கள்.

எங்கள் டிரைவர் அண்ணனும் அந்தப் பக்கத்துக்காரர். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு, விடியற்காலை நாமக்கல் டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். பின்கதவைத் திறந்தார். ஒரு நிமிஷம் பேசவில்லை.

"தம்பி, இந்தத் தண்ணி கேனை மேல் தட்டுல யாரு வச்சது?"

எங்கள் அக்கவுன்ட்ஸ் நண்பர் பெருமையாகக் கையைத் தூக்கினார். "எடுக்கக் கொள்ள வசதியா இருக்குமேண்ணே!"

"இருபது லிட்டர்னா இருபது கிலோ. அது உங்க தலைக்கு மேல உட்கார்ந்திருக்கு. மூணாவது வளைவுல அதுவே எறங்கி வரும். பரவாயில்லையா?"

பெருமை பொசுக்கென்று அணைந்தது. டீ ஆறுவதற்குள் மொத்த வண்டியும் கீழே இறங்கியது. அண்ணன் சொல்லச் சொல்ல, மறுபடி ஏற்றினோம்.

முதல் பாடம், கனம் கீழே. தண்ணி கேன், அரிசி, பாத்திர மூட்டை எல்லாம் தரையில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், கயிறு போட்டுக் கட்டி. மேல் தட்டுக்குத் துண்டு, போர்வை, பிரெட். கேரியரில் கனத்தை ஏற்றினால் வளைவில் வண்டி சாயப் பார்க்கும்.

இரண்டாவது, முட்டைத் தட்டுப் பாடம். ஒரு தட்டில் 30 முட்டை. ஒவ்வொன்றுக்கும் தனிக் குழி. நகர இடமில்லை, அதனால் உடைவதில்லை. டம்ளருக்கு நடுவே பனியன், எண்ணெய் பாட்டிலைச் சுற்றி லுங்கி, எல்லாவற்றையும் அடக்க ஒரு பிளாஸ்டிக் பக்கெட். திரும்பி வரும்போது அதே பக்கெட் ஈரத்துணிக்கு.

மூன்றாவது, பி.காம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்... லைஃபோ! கடைசியில் உள்ளே போனது முதலில் வெளியே வரும். முதலில் தேவைப்படுவதைக் கடைசியில் ஏற்று. டார்ச், பாய், மருந்துப் பை, எலுமிச்சம்பழம். எட்டாவது வளைவில் ஒருத்தனுக்கு வயிற்றைப் பிரட்டும்போது எலுமிச்சம்பழம் அரிசி மூட்டைக்கு அடியில் இருந்து புண்ணியமில்லை.

நான்காவது, டிரைவர் காலடியில் செருப்புகூட இருக்கக் கூடாது. ஒரே ஒரு தண்ணி பாட்டில் உருண்டு போய் பிரேக் பெடலுக்கு அடியில் உட்கார்ந்தால் போதும். பெடல் இறங்காது. வண்டி இறங்கும்.

ஐந்தாவது, சிலிண்டர். இதில் மட்டும் ஜோக் கிடையாது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே சொன்னது. சமையல் வாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தேங்கும். நாம் படுப்பதும் அங்கேதான். அடுப்பை வெளியே வைத்துத்தான் பற்ற வை. படுக்கப் போகுமுன் வால்வை மூடி, சிலிண்டரைத் தனியாக வை.

இத்தனையும் அடுக்கி முடித்தால் ஓர் அதிசயம். படுக்கை மேல் மலையாகக் கிடந்த பைகளைக் காணோம்! படுக்கை முழுசாகக் காலி. "ஹை, நான் படுத்துக்கறேன்" என்று அக்கவுன்ட்ஸ் பாய்ந்தார்.

டிரைவர் அண்ணன் சிரித்தார். "தம்பி, நான் ராத்திரி பூரா கண் மூடலை. ரெண்டு மணி நேரம் கொடுங்க. அப்புறம் எழுபதும் ஏத்தறேன்."

எங்களிடம் டைப் அடித்த லிஸ்ட் இருந்தது. நாலு பேர், நாற்பது அயிட்டம். காது குடையும் பஞ்சு உண்டு. டிரைவர் தூக்கம் இல்லை.

அவர் படுத்தார். நாங்கள் சத்தமில்லாமல் இரண்டாவது டீ குடித்தோம். பத்து மணிக்கு மேல் மலை ஏறினோம். எழுபது வளைவிலும் ஒரு டம்ளர்கூட வாயைத் திறக்கவில்லை. மேலே ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கி, குளித்து, அதே படிகளை மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தோம். மறுநாள் காலி மூலையில் மிளகும் அன்னாசியும் ஏறின. அதற்கும் இடம் விட்டு வைப்பது நல்லது.

மலைக்கு வேன் எடுக்கிறவர்கள் லிஸ்டில் முதல் வரியாக இதை எழுதிக்கொள்ளுங்கள். 'டிரைவருக்கு ஆறடி இடம்.' வேனில் அந்த ஆறடியை விடாவிட்டால், வேறு இடத்தில் நமக்கு ஆளுக்கு ஆறடி தேட வேண்டியிருக்கும்!