பெய்ஜிங்கின் வாசல்கள்

அயல்நாட்டு நகரமொன்றில் வழி தெரியாமல் நிற்பது பயணிகள் எல்லோருக்கும் வாய்ப்பதுதான். பாரிஸிலோ பெர்லினிலோ மொழி தெரியாவிட்டாலும், பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டியாவது படித்துவிடலாம். சீனப் பெருநகரங்களில் அந்த ஆறுதல் பாதிதான். மெட்ரோ நிலையங்களிலும் பெருவீதிகளிலும் ரோமன் எழுத்து துணைக்கு வரும். ஒரு சந்துக்குள் திரும்பினால், ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்றால், ஓர் உணவகத்தின் பட்டியலைக் கையில் வாங்கினால் அந்தத் துணை நின்றுவிடும். அங்கே நமக்குத் தெரியாமல் போவது மொழி மட்டுமன்று, எழுத்தும்தான். எதைக் கண்டாலும் படித்துப் பழகிய கண் எதையும் படிக்க முடியாமல் தவிக்கும் நிலை, எழுத்தை நம்பியே வாழ்ந்தவர்களுக்கு விசித்திரமான ஒன்று.

நாங்கள் சகோதரிகள் இருவர். மதுரை மாவட்டத்துப் பள்ளிகளில் முப்பதாண்டுகளுக்கும் மேல் ஆசிரியப் பணி செய்து ஓய்வு பெற்றவர்கள். 2024 அக்டோபரில், இளையவளின் மகன் பணிபுரியும் பெய்ஜிங்கில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தோம். எங்களுடன் பெரியம்மாவும் வந்தார். வயது எழுபத்தாறு. பள்ளிக்கூடத்தில் கால் வைக்காதவர். பாஸ்போர்ட்டில் அவருடையது கைநாட்டுதான். 2020இல் நின்றுபோன இந்திய சீன நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில்தான் மீண்டும் பறக்கத் தொடங்கின. ஆகவே நாங்கள் சிங்கப்பூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். மகன் காலையில் அலுவலகம் போனால் இரவுதான் திரும்புவான். பகல் முழுவதும் ஊர் எங்களுடையது.

அங்கே செல்பேசி இல்லாமல் ஓரடி எடுத்துவைக்க இயலாது என்றே சொல்லவேண்டும். கூகுள் வரைபடம் உதவாது. சீன அரசு வரைபடங்களுக்கென்று தனியொரு ஆள்கூற்று முறையைக் கட்டாயமாக்கியிருப்பதால், வெளிநாட்டு வரைபடங்களில் நாம் நிற்கும் இடம் சில நூறு மீட்டர்கள் தள்ளி விழுந்துவிடுகிறது. உள்ளூர் வரைபடம் ஒன்றையும் அலிபேயையும் மகன் எங்கள் பேசிகளில் ஏற்றித் தந்தான். வெளிநாட்டு வங்கி அட்டையை அலிபேயில் இணைப்பது 2023க்குப் பிறகு எளிதாகிவிட்டது. மெட்ரோவில் குறைந்த கட்டணம் மூன்று யுவான். 2014 இறுதிவரை எங்கு போனாலும் இரண்டே யுவான்தானாம். ஒவ்வொரு நிலையத்திலும் பையை எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்துத்தான் உள்ளே போகவேண்டும். 2008 ஒலிம்பிக்கின்போது வந்த வழக்கம், அப்படியே தங்கிவிட்டது.

செயலி வழியே வாடகைக் கார் அழைத்தால், ஏறியவுடன் ஓட்டுநர் கேட்பது நம் பெயரையல்ல, செல்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை. பாடப்புத்தகத்தில் ஒன்றுக்கு 'ஈ' என்று இருக்கும். தொலைபேசி எண்ணைச் சொல்லும்போதோ அது 'யாவ்' ஆகிவிடுகிறது, ஏழைக் குறிக்கும் 'ச்சீ'யோடு குழம்பாதிருக்க. விரல்களுக்கும் அங்கே வேறு இலக்கணம். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டினால் ஆறு. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் நீட்டினால் எட்டு. நமக்கு அது இரண்டு. தெருமுனையில் சீமைப் பனிச்சம்பழம் விற்ற பெண்ணிடமிருந்து பெரியம்மா இதை மூன்றாம் நாளே கற்றுக்கொண்டார். ஒரே கையில் பத்துவரை எண்ணும் அந்த வித்தை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

நாங்கள் இருவரும் எழுத்திலிருந்து தொடங்கினோம். ஆசிரியர்களுக்கு வேறு எதுவும் தோன்றாது போலும். இரண்டு மலைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதைப்போல ஓர் எழுத்து, அதன் பக்கத்தில் ஒரு சதுரம்: வெளியேறும் வழி. அந்தச் சதுரத்தின் பெயர் 'கோவ்'. பொருள் வாய். நம் மொழியிலும் வாய் என்ற சொல்லிலிருந்துதானே வாயில் பிறந்தது, வாசல் பிறந்தது? அடுத்தது 'மென்'. மேலே மூடி, கீழே திறந்த ஒரு சட்டம், மூலையில் ஒரு புள்ளி. அதுவும் வாசல்தான், கோட்டை வாசல். ஒலியிலும் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. ஆங்கிலேயர் 'பீ' என்ற அழுத்தமான எழுத்தால் உச்சரிக்கும் பெய்ஜிங்கின் முதல் ஒலி, உண்மையில் 'பல்' என்னும் சொல்லில் நாம் ஒலிக்கும் பகரமேதான். தமிழ் மரபுப்படி 'பெய்' என்று படித்தால் ஊர்க்காரர் ஒலிக்கு மிக அருகே வந்துவிடுகிறோம். எஞ்சியிருப்பது ஏற்ற இறக்கம். அது மூன்று வாரத்தில் வசப்படுகிற காரியமன்று.

பெரியம்மா எழுத்தின் பக்கமே போகவில்லை. அவர் திசையைப் பிடித்துக்கொண்டார். பெய்ஜிங்வாசிகள் வழி சொல்லும்போது வலம், இடம் என்பதைவிட வடக்கே போ, பிறகு கிழக்கே திரும்பு என்று சொல்வதே வழக்கம். நகரம் கட்டம் கட்டமாக அமைந்தது. அரண்மனையும் கோபுரங்களும் வடக்கு தெற்காக ஓடும் 7.8 கிலோமீட்டர் நடுவச்சில் வரிசையாக நிற்கின்றன. 2024 ஜூலையில் யுனெஸ்கோ இந்த அச்சை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 'தோங்' கிழக்கு, 'ஷீ' மேற்கு, 'நான்' தெற்கு, 'பெய்' வடக்கு. இந்த நான்கு சொற்களையும் மகனிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டார். "நம்ம ஊருலயும் இப்படித்தானடி. மேக்காம போ, வடக்காம திரும்புன்னுதானே சொல்வோம். நீங்கதான் ரைட்டு, லெப்டுன்னு மாத்திட்டீங்க" என்றார். காலையில் வீட்டைவிட்டு இறங்கியதும் வெயிலைப் பார்த்துக்கொள்வார். அதன்பிறகு எந்தச் சந்தில் திருப்பினாலும் அவருக்குத் திசை தப்பியதில்லை.

மகன் குடியிருந்தது நகரத்தின் கிழக்குப் பக்கம். நாங்கள் அதிகம் பயணம் செய்தது மெட்ரோவின் இரண்டாம் தடத்தில். 23 கிலோமீட்டர் நீளமுள்ள வட்டத்தடம் அது. 18 நிலையங்களில் 11 நிலையங்களின் பெயர்கள் 'மென்' என்று முடிகின்றன. ஷீஜிமென், ஃபூச்செங்மென், ஷுவென்வூமென், ச்சாவ்யாங்மென், தோங்ஜிமென் என்று வாசல்களாகவே கடந்து போவோம். தரைக்கு மேலே வந்து பார்த்தால் பெரும்பாலான இடங்களில் எந்த வாசலும் இல்லை. மேம்பாலமும் அகன்ற சாலையும்தான்.

மிங் பேரரசர்கள் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோட்டை மதில் நின்ற கோடு அது. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு தொழில் இருந்தது. ஷீஜிமென் வழியே அரண்மனைக்குக் குடிநீர் வண்டிகள் வந்தன. ச்சாவ்யாங்மென் வழியே தானியம், தோங்ஜிமென் வழியே மரம். ஃபூச்செங்மென் வழியே மேற்கு மலைகளின் நிலக்கரி வந்தது. நிலக்கரிக்கும் பிளம் மலருக்கும் அவர்கள் மொழியில் ஒரே ஒலி என்பதால், அந்த வாசலில் பிளம் மலரைச் செதுக்கியிருந்தார்களாம். மரண தண்டனை பெற்றவர்கள் ஷுவென்வூமென் வழியே வெளியே கொண்டுசெல்லப்பட்டார்கள்.

1950களில், மதிலை இடிக்கவேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, கட்டடக்கலை அறிஞர் லியாங் ஸுசெங் அதைக் காப்பாற்றப் போராடினார். மதிலின் மேற்பரப்பை மக்கள் உலவும் பூங்காவாக ஆக்கலாம் என்று வரைபடம் போட்டுக் காட்டினார். அவர் சொல் எடுபடவில்லை. 1965இல் மெட்ரோ வேலை தொடங்கியது. வீடுகளை இடிக்காமல் பள்ளம் தோண்ட, மதிலின் கோடு வசதியாக இருந்தது. 1969இல் ஷீஜிமென் வாசலை இடித்தபோது, அதன் உள்ளேயே புதைந்திருந்த இன்னொரு வாசல் வெளிப்பட்டது. மிங் காலத்துக்கும் முந்தைய யுவான் காலத்து வாசல். அதையும் இடித்தார்கள். லியாங் 1972இல் மறைந்தார். வட்டத்தடம் 1987இல் முழுமையடைந்தது.

மதில் போய்விட்டது, ஆனால் ஊரின் பேச்சில் அது இன்னும் நிற்கிறது. தோங்ஜிமென்நெய், தோங்ஜிமென்வாய் என்று தெருப்பெயர்கள். 'நெய்' என்றால் உள்ளே, 'வாய்' என்றால் வெளியே. இல்லாத மதிலுக்கு உள்ளும் வெளியும். மதுரைக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து, வெளி வீதிகள் அமைத்தார்கள். இன்றும் பேருந்து நடத்துநர் கீழவாசல், தெற்குவாசல் என்று குரல் கொடுக்கிறார். பெரியம்மா பிறந்து வளர்ந்தது தெற்குவாசலில். இந்தக் கதையை மகன் சொன்னபோது, "அப்ப வாசலைத்தான் இடிச்சாங்க, பேரை இடிக்க முடியலையாக்கும்" என்றார்.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள் யோங்ஹெகோங் போயிருந்தோம். 1744இல் திபெத்திய பௌத்த மடாலயமாக மாற்றப்பட்ட அரண்மனை அது. ஒரே சந்தன மரத்தில் செதுக்கிய மைத்ரேய புத்தர், தரைக்கு மேலே மட்டும் பதினெட்டு மீட்டர். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கத் திரும்பி வந்தோம். நடைமேடையில் பெருங்கூட்டம். வண்டி வந்ததும் பெரியம்மாவுக்கு வழிவிட்டு அவரை முதலில் ஏற்றினார்கள். எங்களுக்கும் அவருக்கும் நடுவே கூட்டம் புகுந்தது. கதவுகள் மூடின. கண்ணாடிக்கு அப்பால் அவருடைய அரக்கு நிறச் சுங்குடிச் சேலை ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

அவரிடம் செல்பேசி இல்லை. முகவரி எழுதிய அட்டை ஒன்று சுருக்குப்பையில் இருந்தது. மூத்தவள் அங்கேயே நிற்பது, இளையவள் அடுத்த வண்டியில் தோங்ஜிமென் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். தோங்ஜிமென்னில் அவர் இல்லை. இளையவள் திரும்பி வந்தாள். நிலையத்துப் பணிப்பெண் செல்பேசியின் மொழிபெயர்ப்பில் வயது, உயரம், உடை எல்லாம் கேட்டுக்கொண்டு மற்ற நிலையங்களுக்குச் சொல்லத் தொடங்கினாள். சேலை என்பதை அவளுக்குப் புரியவைக்க, எங்கள் சேலைத் தலைப்பையே தூக்கிக் காட்டவேண்டியிருந்தது. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு வண்டி வந்தது. ஒவ்வொன்றின் ஒவ்வொரு சன்னலையும் பார்த்தோம். அந்த நேரத்தில் நாங்கள் ஒருவரோடொருவர் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, அதே திசையிலிருந்து வந்த ஒரு வண்டியின் கதவோரத்தில் பெரியம்மா நின்றிருந்தார். இறங்கினார். "ஏன்டி இப்படி வெளிறிப்போய் நிக்கிறீங்க? சுத்துற வண்டிதானே, வந்துதானே ஆகணும்" என்றார். வந்த அன்றே மகன் காட்டிய மெட்ரோ வரைபடத்தில், பல கோடுகள் எங்கெங்கோ ஓட, இந்த நீலக்கோடு வளையலைப்போலக் கூடி நிற்பதை அவர் கவனித்து வைத்திருந்தார். நாங்கள் அந்தப் படத்தில் நிலையங்களின் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தோம். அவருக்குப் படிக்கப் பெயர்கள் இல்லாததால் வடிவத்தைப் பார்த்தார். நிலையத்துக்கு நிலையம் கதவருகே வந்து எங்களைத் தேடியிருக்கிறார். பக்கத்திலிருந்த பெண்ணொருத்தி எழுந்து இடம் கொடுத்து, ஒரு ஆரஞ்சும் கொடுத்தாளாம். அதைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

அன்றிரவு அவர் சொன்னதைத்தான் நாங்கள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறோம். "மதுரையில பஸ் ஸ்டாண்டுல நின்னு இது எங்கிட்டுப் போகுதுன்னு கேட்டா, போர்டைப் பாரும்மாம்பாங்க. அதுக்குப் பயந்தே கேக்க மாட்டேன். வண்டிக் கலரு, கண்டக்டரு மொகம், ஏறுற ஆளுக, இதை வச்சே கண்டுபிடிச்சுருவேன். இங்க ஒருத்தரும் அப்படிச் சொல்லலைடி. கையைப் பிடிச்சுல்ல கூட்டிட்டுப் போய்க் காட்டுறாங்க."

1990களில் அறிவொளி இயக்கத்தில் நாங்கள் இருவரும் தொண்டர்களாக இருந்தோம். அரிக்கேன் விளக்கொளியில் எத்தனையோ பெண்களுக்குப் பேருந்துப் பலகை படிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். பெரியம்மா பத்து நாள் வந்தார், பிறகு வேலைக்குப் போகவேண்டுமென்று நின்றுவிட்டார். எழுத்து வேண்டும் என்பதில் எங்களுக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் எழுத்தறியாதவர்கள் ஊரை எப்படிக் கடக்கிறார்கள் என்பதை எந்தப் பயிற்சி முகாமும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. அது இருட்டில் தடவி நடப்பதன்று. வெயிலையும் வடிவத்தையும் முகத்தையும் கூர்ந்து படிக்கிற ஒரு வாசிப்பு. அந்த வாசிப்பின் மேல் காலமெல்லாம் கிடந்த வெட்கத்தை, நாங்கள் மூவருமே எழுத்தறியாதவர்களாக இருந்த ஓர் ஊர், மூன்று வாரங்களுக்கு எடுத்துவிட்டிருந்தது.

புறப்படுவதற்கு முந்தைய நாள், ச்சோங்வென்மென்னுக்குக் கிழக்கே எஞ்சியிருக்கும் மதிலைப் பார்க்கப் போனோம். ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம் இருக்கும், இப்போது பூங்கா. மதிலைச் செப்பனிடுவதற்காக, இடிந்த காலத்தில் வீடுகளுக்குக் கொண்டுபோன பழைய செங்கற்களை மக்கள் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று மகன் சொன்னான். பெரியம்மா மதிலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வெயிலைப் பார்த்து, "வீடு அங்கிட்டு" என்று கையைக் காட்டி முன்னே நடந்தார். நாங்கள் செல்பேசியை எடுக்கவில்லை.

பெய்ஜிங் போகிறவர்களுக்கு எங்களால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். பாஸ்போர்ட்டை எப்போதும் கையில் வைத்திருங்கள்; அது இல்லாமல் அரண்மனைக்கு முன்பதிவும் இல்லை, நுழைவும் இல்லை. திசைகளின் நான்கு பெயர்களையும், விரல்களின் பத்து எண்களையும், வாசலுக்கான எழுத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். மற்றதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் யாராவது வந்து இது எங்கே போகிறது என்று கேட்டால், பலகையைக் காட்டாமல், ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள்.