பன்னிரண்டேகால் மணி நிழல்

அரையாண்டுத் தேர்வின் கடைசி மணி அடிக்கும் முன்பே டீச்சர் சொல்லிவிடுவார்: "கொஸ்டின் பேப்பரை யாரும் தொலைச்சுடாதீங்க." ஏன் என்று யாரும் கேட்பதில்லை. லீவு முடிந்து வரும்போது எல்லாப் பாட வினாத்தாளுக்கும் முழு விடை எழுதிய நோட்டு மேசைமேல் அடுக்கப்பட வேண்டும். கோடிட்ட இடம், பொருத்துக, ஓரிரு வரி, நெடுவினா, வரைபடம் எதையும் விடக் கூடாது. மார்க் குறைந்தவர்கள் இரண்டு தடவை எழுத வேண்டும். தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய யாருக்கும் இந்த நோட்டைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

நான் படித்தது ஸ்ரீரங்கத்தில், எண்பதுகளில். வீடு அடையவளைஞ்சான் தெருவில். மாவட்டம் முழுக்க ஒரே வினாத்தாள் என்பதால் சன்னமான தாளில் அச்சடித்து வரும். பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரியும். நாலாக மடித்து ஜியோமெட்ரி பாக்ஸுக்குள் வைத்தால் ஒரு வாரத்தில் மடிப்பு தேய்ந்து, மடிப்பில் விழுந்த கேள்வி பாதி காணாமல் போய்விடும். பக்கத்து வீட்டுக்குப் போய் அவர்கள் தாளைப் பார்த்து நிரப்பிக்கொள்வோம். பிரில் மை, பழுப்பு அட்டை, மார்ஜினுக்குச் சிவப்புக் கோடு. நோட்டு பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அந்த நோட்டின் மேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது. தெரிந்த விடையைப் பரீட்சை ஹாலிலேயே எழுதியாகிவிட்டது. தெரியாத விடையை உரைநூலைப் பார்த்து அப்படியே இறக்கிவைப்போம். கை வலித்ததே தவிர, தெரியாதது அந்தப் பத்து நாளில் தெரிந்ததாக மாறவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வருஷத்தில் கிடைக்கும் மிக நல்ல பத்து நாள் அது.

உரைநூல் என்றதும் திருச்சித் தெப்பக்குளம் ஞாபகம் வருகிறது. தமிழ்நாடு முழுக்கப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்துக்குப் புரட்டிய கோனார் தமிழ் உரை எங்கள் ஊரில் பிறந்தது. ஐயன்பெருமாள் கோனார் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். அதை வெளியிட்ட பழனியப்பா பிரதர்ஸும் தெப்பக்குளத்துக்காரர்கள்தான். ராஜகோபுரத்துப் பக்கம் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தால் வலமும் இடமுமாகப் புத்தகக் கடைகள். டிசம்பரில் போனால் லூர்து மாதா கோயில் பக்கம் காகித நட்சத்திரங்கள் தொங்கும். அப்பா உரைநூலுக்கும் சார்ட்டுக்கும் காசு எண்ணிக் கொடுப்பதற்குள் நான் மலைக்கோட்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பதவுரை, பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு என்று கோனார் போட்டுவைத்த வரிசை, ஒரு செய்யுளை எப்படிப் பிரித்துப் படிப்பது என்று காட்டிற்று. தமிழ் சொல்லித்தர வீட்டில் ஆளில்லாத பிள்ளைக்கு அது பெரிய துணை. அதைப் பார்த்து எழுதும்படி வேலை கொடுத்தவர்கள்மேல்தான் என் வருத்தம்.

இதற்கு நடுவில் மார்கழி. மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு அரையாண்டு லீவு என்றால் கிறிஸ்துமஸ், புதுவருஷம். எங்களுக்கு அது வைகுண்ட ஏகாதசி லீவு. பகல் பத்து தொடங்கினால் அரையர் சேவைக்கு அர்ஜுன மண்டபத்தில் இடம் பிடிக்க வேண்டும். பத்தாம் நாள் மோகினி அலங்காரம். மறுநாள் விடிவதற்கு முன் ரத்னாங்கியில் உற்சவர் நம்பெருமாள் பரமபதவாசல் கடந்து ஆயிரங்கால் மண்டபத்துக்கு எழுந்தருளுவார். பிறகு இராப் பத்து. அதில் ஏழாம் நாள் கைத்தல சேவை, எட்டாம் நாள் மணல்வெளியில் வேடுபறி. சந்திரக் கணக்கு என்பதால் தேதி வருஷத்துக்கு வருஷம் நகரும். 2021-இல் டிசம்பர் 14-ஆம் தேதியே, கார்த்திகையிலேயே, வாசல் திறந்தது. 2023-இலோ ஜனவரி 2, டிசம்பர் 23 என்று ஒரே ஆங்கில வருஷத்தில் இரண்டு தடவை. எந்தத் தேதியில் வந்தாலும் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை உண்டு.

வீடு நிறைய விருந்தாளிகள். கும்பகோணத்து அத்தை, மதுரைச் சித்தப்பா, அவர்களோடு வந்த அறியாத யாரோ இரண்டு பேர். கூடத்தில் பாய் விரித்துவிட்டால் நோட்டு வைக்க இடமிருக்காது. மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து எழுதுவேன். பாட்டி ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "பரீட்சைதான் முடிஞ்சுதே, இன்னும் என்னடி எழுதறே?" என்றாள். அதே கேள்விக்கு அதே பதில் என்று சொன்னேன். அவளுக்கு அது விளங்கவே இல்லை. பாட்டி பள்ளிக்கூடம் போனவள் அல்ல. காதால் கேட்டே பாசுரங்களை மனப்பாடமாக வைத்திருந்தாள். எங்கே மறந்தாளோ அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பாள். தெரிந்ததைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டாள்.

வீட்டுப்பாடம் பழைய காலத்திலும் இருந்தது. உ.வே.சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலில் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதும்போது ஒரு வழக்கத்தைச் சொல்கிறார். சாயங்காலம் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு ஊரின் பெயர் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலை அதை மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த உ.வே.சா.வுக்குப் பின்னாளில் தமிழ் சொல்லிக்கொடுத்த மீனாட்சிசுந்தரம் பிள்ளை எங்கள் ஊர்க்காரர். திரிசிரபுரம் என்று ஊரைப் பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட்டவர். ஒரு பூவின் பெயரை இரவெல்லாம் வைத்திருந்து காலையில் கொண்டுபோகும் பிள்ளையை நினைத்துப் பார்க்கிறேன். வழியில் அந்தப் பூ கண்ணில் பட்டால் நின்றிருக்கும் அல்லவா?

எனக்கு அப்படி ஒரு வீட்டுப்பாடம் கிடைத்தது 1987 டிசம்பரில், எட்டாம் வகுப்பில்.

அந்த வருஷம் மார்ச் 25-ஆம் தேதி ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்திருந்தது. பல நூறு வருஷம் மொட்டை கோபுரம் என்ற பெயரோடு கல் அடித்தளத்தோடு நின்றது அது. அகோபில மடத்து 44-ஆம் பட்டம் ஜீயர் முன்னின்று 1979-இல் வேலை தொடங்கி, பதின்மூன்று நிலை எழுப்பி முடித்தார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த காலத்திலிருந்து சாரத்தோடு பார்த்த கோபுரம் ஒருநாள் சாரம் நீங்கி வர்ணத்தோடு நின்றது. உயரம் 236 அடி என்று ஊரில் எல்லோருக்கும் வாய்ப்பாடம்.

கணக்கு டீச்சர் வினாத்தாள் வேலையைக் கொடுக்கவில்லை. "வடிவொத்த முக்கோணம் படிச்சிருக்கோம். கோபுரத்தோட நிழலை அளந்து உயரம் கண்டுபிடிச்சுட்டு வாங்க. 236-ன்னு எழுதிட்டு வந்தா ஒத்துக்க மாட்டேன், எப்படி அளந்தீங்கன்னு எழுதணும்" என்றார். இன்னொன்றும் சொன்னார். கோபுரம் தெற்கு பார்த்தது, தெரு வடக்குத் தெற்காக அதன் வாசலுக்குள்ளே போகிறது. நிழல் தெருவுக்கு நேராக விழ வேண்டுமானால் பன்னிரண்டு மணிக்குப் போகாதே, பன்னிரண்டேகாலுக்குப் போ. நம் கடிகாரம் ஓடுவது 82½ பாகைத் தீர்க்கரேகையை வைத்து. திருச்சி அதற்கு மேற்கே, 79-க்குக் கொஞ்சம் உள்ளே. பாகைக்கு நாலு நிமிஷம் தாமதம். கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் ஊருக்கு ஊர் கணக்கு உண்டு என்று நான் அன்றுதான் அறிந்தேன்.

லீவு விட்ட கையோடு, 24-ஆம் தேதி விடியற்காலையில், எம்.ஜி.ஆர். இறந்துபோனார். கடைகளை அடைத்துவிட்டார்கள், பஸ் இல்லை. ரேடியோவில் சோக வாத்தியம். பிள்ளைகளை யாரும் தெருவில் விடவில்லை. சில நாள் கழித்து ஊர் மெல்லத் திறந்தபோதுதான் நானும் பக்கத்து வீட்டுத் தோழியும் என் தம்பியும் சணல் கயிற்றோடு கோபுரத்துக்குப் போனோம். தையல் டேப்பை வைத்து மூன்றடிக்கு ஒரு முடிச்சுப் போட்டிருந்தோம்.

முதல் சிக்கல், எங்கிருந்து அளப்பது? கொடிக் கம்பமாக இருந்தால் அடியிலிருந்து அளக்கலாம். கோபுரத்தின் உச்சிக்கு நேர் கீழே இருப்பது வாசலின் நட்டநடு. உள்ளே போய், நிலைக்கு நிலை தூரம் பார்த்து, நடுவில் சாக்பீஸால் கோடு போட்டோம். அதன் மேல் சைக்கிள்கள் ஏறிப் போயின. தம்பி அங்கே கயிற்றின் நுனியை மிதித்துக்கொண்டு நின்றான். நாங்கள் வடக்கே நடந்தோம். அடுத்த சிக்கல் நிழலின் முடிவு. மேலே பதின்மூன்று கலசமும் கூர்மையாகத் தெரிகின்றன. தரையில் அவை புகைபோலக் கலைந்து, இரண்டு மூன்றடி அகலத்துக்கு நிழலா வெயிலா என்று சொல்ல முடியாமல் இருந்தது. தோழி ஓர் இடத்தில் நின்றாள், நான் ஓர் இடத்தில் நின்றேன். பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா, "என்ன பாப்பா, ரோடு அகலப்படுத்தப் போறாங்களா?" என்று கேட்டார். கோபுரத்தை அளக்கிறோம் என்றதும் கூடையைத் தள்ளிவைத்து வழிவிட்டார்.

நடுவாக ஓர் இடத்தை ஒப்புக்கொண்டு முடிச்சை எண்ணினோம். 157 அடி. உடனே அதே வெயிலில் ஓரடி ஸ்கேலை நிமிர்த்தி நிறுத்தி அதன் நிழலை அளந்தோம். எட்டேகால் அங்குலம். நடுத்தெருவில் உட்கார்ந்து வகுத்ததில் 228 அடி சொச்சம் வந்தது. எட்டடிதான் குறைவு! அந்த மத்தியானத்து சந்தோஷம் அதற்குப் பின் நான் வாங்கிய எந்த மார்க்கிலும் வரவில்லை.

இப்போதைய பிள்ளைகளின் வேலை வேறு மாதிரி. 2012-13-இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு நாற்பது, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு அறுபது. பிள்ளை பார்த்தும் செய்தும் படிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம் அதற்குள் இருந்தது. வீட்டுக்கு வந்து சேரும்போது அது புராஜெக்ட் ஆகிவிட்டது. பிரவுசிங் சென்டரில் தலைப்பைச் சொன்னால் வண்ணத்தில் அச்சடித்துத் தருவார்கள். சார்ட், ஸ்கெட்ச், தெர்மகோல், பிரிண்ட் என்று கூலி வேலைக்குப் போகும் அம்மாவின் பையிலிருந்து காசு போகிறது. எங்கள் வினாத்தாள் வேலையாவது ஒரு நோட்டு விலையோடு முடிந்தது. நிழலை அளக்கச் செலவானது ஒரு முழங்கை சுற்றிய சணல்தான். ஏழைப் பிள்ளையும் வசதியான பிள்ளையும் ஒரே வெயிலில் நின்று செய்யக்கூடிய வேலை அது. வீட்டுப்பாடம் கொடுக்கிற எவரும் முதலில் இதை யோசிக்க வேண்டும் என்பேன்.

மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கையில், ஆறு முதல் எட்டு வகுப்பு வரை வீட்டுப்பாடம் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது. இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது. அதற்கு முன் 2018-இல் சென்னை உயர் நீதிமன்றமும் ஒன்று, இரண்டாம் வகுப்புச் சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு அப்படியே உத்தரவிட்டது. நேரத்துக்கு வரம்பு வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. அந்த ஒரு மணியில் என்ன நடக்கிறது என்பது டீச்சர் கையில்தான் இருக்கிறது.

எங்கள் டீச்சர் ஜனவரியில் எல்லோருடைய விடையையும் கரும்பலகையில் எழுதினார். 228, 241, 220, ஒருத்திக்கு 190. யாரையும் தப்பு என்று சொல்லவில்லை. 190 வந்தவளிடம் கேட்டுப் பார்த்ததில், வாசலின் வெளிச்சுவரிலிருந்து அளந்திருந்தாள். 220-க்காரி கோபுர நிழலைப் பன்னிரண்டேகாலுக்கும் ஸ்கேல் நிழலைத் தெருக்கோடி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தபிறகு அரைமணி தள்ளியும் அளந்தவள். ஒரு பீரியட் முழுக்க இதுதான் நடந்தது. மணி அடித்ததும் டஸ்டரை எடுத்தபடி, "மே மாசம் இதே நேரத்துக்கு நிழல் எந்தப் பக்கம் விழும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வடக்கே என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மே கடைசியில் யாரும் சொல்லாமலே நாங்கள் மூவரும் மறுபடி போனோம். தார் ரோட்டில் கால் வைக்க முடியவில்லை. பன்னிரண்டேகாலுக்குக் கோபுரத்தின் நிழல் கோபுரத்தை விட்டு வெளியே வரவில்லை. வடக்குத் தெரு முழுக்க வெயில். ஸ்கேலை நிறுத்தினோம். இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு துண்டு நிழல், தெற்கே, காவிரிப் பக்கம் கிடந்தது. சூரியன் தலைக்கு மேலே நம்மைத் தாண்டி வடக்கே போயிருக்கிறது என்று தம்பிதான் முதலில் சொன்னான். அவனுக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு.

ஜூனில் பள்ளி திறந்ததும் டீச்சரைத் தேடிப் போய்ச் சொன்னோம். "தேதி, மணி எழுதி வெச்சீங்களா?" என்று கேட்டார். வைத்திருந்தோம்.